எங்கே பார்த்தாலும் பதினொன்று

"இடது பக்கம் பதினொண்ணு, வலது பக்கம் ஒண்ணு. இதுல என்னம்மா குழப்பம்?" என்றார் வெலிஸார், நாலாவது முறையாக.

"ஒண்ணுங்கிறது நீங்கன்னா, பதினொண்ணுங்கிறது யாரு?" என்று கேட்டாள் பால்காரி தோன்கா.

"அது நம்ம கட்சிம்மா. குலுக்கல்ல விழுந்த எண். கட்சிக்கு ஒரு குறி, எனக்கு ஒரு குறி."

"ஒரே சீட்டுல ரெண்டு ஓட்டா? போலீஸ் பிடிக்காதா?" என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் குரூம்.

மண்டபமே சிரித்தது. வெலிஸாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் எட்டே நாள். மொத்த பல்கேரியாவிலும் அவர் கட்சிக்குக் கிடைக்கப்போவது ஒரே ஓர் இடம் என்று கருத்துக் கணிப்புகள் சொல்லியிருந்தன. அதுவும் இழுபறிதான். பட்டியலில் பதினேழு பெயர்கள். முதல் பெயர் வெலிஸார். இரண்டாவது பெயர் சோஃபியாவில் இருக்கும் ஒரு டாக்டர். மீதி எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி.

போன தேர்தல் வரை, இடம் கிடைத்தால் பட்டியலில் முதல் ஆள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரஸ்ஸெல்ஸுக்குப் போய்விடலாம். இந்த முறை சீட்டின் வலது பக்கத்தில் பதினேழு எண்களை அச்சடித்து, 'பிடித்த ஆளுக்கும் குறி போடு' என்று சொல்லிவிட்டார்கள். குறி அதிகம் வாங்கியவர் மேலே ஏறிவிடுவார். டாக்டர் ஊர் ஊராகச் சுற்றுகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து வெலிஸாருக்குத் தூக்கம் போயிற்று.

"பிரஸ்ஸெல்ஸ்ல நீங்க போய் உட்கார்ந்தா என் ரெண்டு மாட்டுக்கு மானியம் வருமா?" தோன்கா விடுவதாக இல்லை. "இருநூறு மாடு வச்சிருக்கிறவனுக்குத்தானே வருது?"

"வரும்மா. அதுக்குத்தான் போறேன். முதல்ல இடது பக்கம் ஒண்ணு... இல்ல, பதினொண்ணு... வலது பக்கம்..."

வெலிஸார் கையை இரண்டு பக்கமும் வீசிப் பார்த்துவிட்டு, எது இடது என்று தெரியாமல் நின்றார். வெளியே கரியடுப்பில் கூட்டத்துக்கு வந்தவர்களுக்காகக் கெபாப்சே என்ற கொத்திறைச்சி உருளைகள் வெந்துகொண்டிருந்தன. வாசனை உள்ளே வர வர, கூட்டத்தின் கண்கள் கதவுப் பக்கம் போய்விட்டன.

கட்சி ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் பென்கா, தண்ணீர் டம்ளரை நீட்டியபடி அவர் காதருகே குனிந்தாள். காரை ஓட்டி வந்தது, மைக் கட்டியது, இறைச்சி வாங்கியது எல்லாமே அவள்தான்.

"சார், ரெண்டு நம்பர் சொன்னா ரெண்டையும் மறந்துடுவாங்க. கண்ட இடத்துல கிறுக்கிச் சீட்டு செல்லாம போச்சுன்னா, கட்சிக்கே இடம் கிடைக்காது."

"அப்ப டாக்டர்?"

"கட்சிக்கு இடம் கிடைச்சாத்தானே சார் டாக்டரா, நீங்களாங்கிற பேச்சு?"

நியாயம்தான். வெலிஸார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. ஒண்ணை மறந்துடுங்க. பதினொண்ணு மட்டும்தான்!"

"ஐயா, வலது பக்கமும் ஒரு பதினொண்ணு இருக்கே?" மாதிரிச் சீட்டைக் கண்ணருகே வைத்துக்கொண்டு கேட்டார் குரூம்.

வெலிஸாரின் பொறுமை அறுந்தது. "யோவ், எங்கே பதினொண்ணைப் பார்த்தாலும் குறி போடுய்யா! ஆளை விடு!"

அரங்கம் அதிரக் கைதட்டல். முதல்முறையாக எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தோன்காகூட, பல்கேரிய வழக்கப்படி தலையை இடவலமாக ஆட்டிச் சம்மதித்துவிட்டுக் கெபாப்சே பக்கம் நடந்தாள்.

"நல்ல வாசகம் சார்," என்று பென்கா அதைக் குறித்துக்கொண்டாள்.

மறுநாளே அது துண்டுப் பிரசுரமாக வந்தது. அடுத்த ஏழு நாளில் நாற்பது ஊர். எந்த ஊரிலும் ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. வெலிஸார் காரில் நிம்மதியாகத் தூங்கினார்.

தேர்தல் முடிந்து இரண்டாம் நாள் தேர்தல் ஆணையத்திலிருந்து போன் வந்தது. கட்சிக்கு ஓர் இடம் உறுதி. வெலிஸார் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆனா நீங்க இல்லைங்க," என்றது மறுமுனை.

"டாக்டரா?"

"அவரும் இல்லை. அவருக்கு ஏழாயிரம் குறி. உங்களுக்கு ஆறாயிரம். பதினொண்ணுக்கு நாற்பத்தோராயிரம்."

"பதினொண்ணு எங்க கட்சியோட எண்ணுங்க!"

"இடது பக்கம் கட்சி எண். வலது பக்கம் உங்க பட்டியல்ல பதினொண்ணாவதா இருக்கிற ஆளோட எண். ஜனங்க ரெண்டு பக்கமும் போட்டிருக்காங்க. ஏன்னு எங்களுக்கே புரியலை."

வெலிஸார் போனை வைத்தார். பதினொன்றாவது யார்? எவ்வளவு யோசித்தும் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. மனு கொடுக்கும் கடைசி நாளில் 'கிடைச்ச பேரைப் போட்டு நிரப்பு' என்று சொல்லிவிட்டு, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அழுகையே வந்துவிட்டது.

"பென்கா! உடனே ஒரு கடிதம் அடி. 'சொந்தக் காரணங்களால் இந்தப் பதவியை ஏற்க இயலவில்லை'ன்னு. அந்தப் பதினொண்ணாவது ஆளைத் தேடிப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கிடு. விலகிட்டா அடுத்தவங்களுக்குத்தான் இடம். டாக்டரை நான் பேசிச் சரிக்கட்டிக்கிறேன்."

பென்கா நிதானமாகக் கடிதத்தை அடித்து, அச்சடித்து, அவர் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துக் கிடைக்குமான்னு தெரியலை சார்."

"கிடைக்காம? ஆள் கணக்குக்காகச் சேர்த்த எவனோ! கேட்டா பேசாம போட்டுட்டுப் போறான்."

"போட மாட்டேன் சார்," என்றாள் பென்கா.