மேல்வீட்டுக்காரரின் உதை

“அக்கா, நான் உன் தம்பிதான். வயசு இருபத்திரண்டு. நீ பிடிச்சுக் குடுத்த ரூம்லதான் இருக்கேன்... இன்னைக்கு வரைக்கும்.”

அவன் சொல்லச் சொல்ல போன் எழுத்தாக்கிக்கொண்டிருந்தது. மேல்தளத்திலிருந்து மறுபடி தடார் தடார் என்று உதை.

“கேட்டுதா? ஐயோ, உனக்கு எங்க கேக்கும், இது எழுத்து. மேல்வீட்டுக்காரர் உதைக்கிறார். ரூம்ல கிடக்கற பியானோ மேல கை வைக்காதன்னு ஓனர் அம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. வெச்சுட்டேன். ஒரு கம்ப்ளெயிண்ட் போனாலும் ரூம் காலி. நல்ல பையன்னு நீதானே வாக்குக் குடுத்த? உன் மூஞ்சியில கரி பூசிட்டேன்க்கா.”

அவனுக்கு லாண்ட்ரியில் வேலை. பழைய மெஷின்கள் பொழுதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து ஆடும்: டக், டக், டடக். ரூமுக்கு வந்து நாலு நாலாக எண்ணி வாசிக்க உட்கார்ந்தால், இடது கை லாண்ட்ரிக்கே திரும்பி ஓடிவிடும். அதைத் துரத்திப் போகும் வலது கை ஏதாவது சம்பந்தமில்லாத கட்டையில் விழும்.

“இத்தனை நாள் தப்புத் தப்பா வாசிச்சேன், மனுஷன் மூச்சு விடல. இன்னைக்குத்தான் முதல் தடவையா பிசகாம வந்துச்சு. உடனே உதைக்கிறார். என் நேரத்தப் பாரு!”

கதவு தட்டும் சத்தம். திறந்தால், மேல்வீட்டுக்காரர். சட்டைப் பட்டன் மாறியிருந்தது. கழுத்தில் ஹெட்போன்.

“சார், மன்னிச்சிடுங்க. இனி பியானோவைத் தொடவே மாட்டேன். ஓனர் அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க...”

“தொடமாட்டியா?” அவர் முகம் வெளிறிப்போனது. ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டினார்.

உள்ளே டிரம்ஸ், வயலின்கள். நடுவே அவனுடைய இடது கை நொண்டி நொண்டி ஓடியது. வலது கை தடுக்கி விழுந்த இடத்தில் வயலின்கள் அத்தனையும் ஒன்றாகத் திரும்பின. அவனுக்குப் புல்லரித்தது.

“சார், இது... நான் தப்பு விடற இடமாச்சே!”

“சினிமாவுக்கு மியூசிக் போடறவன் நான். பாதிப் படம் உன் கையிலதான் ஓடுது தம்பி.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மேல இருந்து உன்னக் கேக்காம ரெக்கார்ட் பண்ணது என் தப்பு. உன் பேரும் போடறேன், ஓனர் அம்மாகிட்ட நானே பேசறேன். மீதிப் பாதி பாக்கி இருக்கு. ஒண்ணே ஒண்ணு...”

“என்ன சார்?”

“தயவுசெஞ்சு சரியா வாசிக்கக் கத்துக்காத.”