கிளி டீச்சரின் வகுப்பு

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா கண்ணு."

மழலையர் வகுப்பின் குட்டி நாற்காலிக்குள் தன் பெரிய உடம்பை எப்படியோ திணித்துக்கொண்டு டீச்சர் கெஞ்சினார். எதிரே சிட்டு. நாலு வயசு. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, டீச்சர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ம்ஹூம், ஒரு சத்தம் இல்லை.

வாசலில் தலைமையாசிரியையின் நிழல் விழுந்தது.

"எத்தனை நாளைக்குத்தான் சுவத்தோட பேசுவீங்க? சேர்ந்து மாசக்கணக்காச்சு. பேசாத பிள்ளைகளுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கு. பெத்தவங்களை வரச் சொல்லியிருக்கேன். பக்குவமா எடுத்துச் சொல்லி அனுப்பிடுங்க."

"பேச்சு வராத பிள்ளை இல்லை மேடம் இது. கூப்பிட்டா திரும்புது. சொன்னதைச் செய்யுது. என்கிட்டதான் எங்கேயோ கோளாறு."

"அப்போ அந்தக் கோளாறை இன்னைக்கே கண்டுபிடிங்க. நாளைக்கு அந்த இடத்துல வேற பிள்ளை உட்காரப் போகுது."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். 

பிழைப்பு தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள்தான் அந்த வகுப்பு முழுக்க. ஆளுக்கொரு மொழி. தாகமா இருக்கு, வயிறு வலிக்குது, ஒண்ணுக்கு வருது, அம்மாகிட்டப் போகணும் - இவ்வளவையும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு மொழியிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார் அவர். மற்றவர்கள் 'கிளி டீச்சர்' என்று கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும். எந்த மொழியோடு வந்த பிள்ளையும் அந்த அறையில் வாய் திறக்காமல் போனதில்லை. இவள் ஒருத்தியைத் தவிர.

சிட்டுவின் சித்தப்பா உள்ளே வந்தார். பஸ் கண்டக்டர். ஒரு வீட்டுக்கே ஆன பேச்சைத் தனி ஆளாகப் பேசித் தீர்ப்பவர். பிள்ளையைச் சேர்த்ததும் அவர்தான், தினமும் கொண்டுவந்து விடுவதும் அவர்தான். இன்று அவர் குரலே எழும்பவில்லை.

"அனுப்பிடாதீங்க டீச்சர். எங்க வீட்டுக்கு இருக்கிறது இந்த ஒரு பிள்ளைதான். இது நாலு பேர் மாதிரி பேசிப் படிச்சு வந்தாத்தான் எங்க அண்ணன் அண்ணிக்கு விடிவு."

"எனக்கு மட்டும் அனுப்பணும்னு ஆசையா? வீட்டுல என்ன மொழின்னு எத்தனை தரம் கேட்டேன்! என்னைக்காவது பிடிகொடுத்துச் சொன்னீங்களா?"

"நான் பேசுறது இதேதான் டீச்சர். அண்ணி பேசுறதுதான் வேற. நான் சொன்னா புரிஞ்சுக்குவா, பதில் என்னவோ அம்மா பேச்சுலதான் வரும்."

"வேறன்னா என்ன, பேர் இல்லாத மொழியா? சொல்லித் தொலைச்சிருந்தா நானும் நாலு வார்த்தை கத்துக்கிட்டு வந்திருப்பேன்ல?"

அவர் குனிந்து சிட்டுவின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"சரி, வீட்டுலயாவது கலகலன்னு இருக்காளா?"

"இருந்தா டீச்சர். அம்மாவும் பொண்ணும் ஆரம்பிச்சாங்கன்னா சோறு ஆறிப் போறதுகூடத் தெரியாது. இப்போ கொஞ்ச நாளா அங்கேயும் அடங்கிப் போயிட்டா. பள்ளிக்கூடத்துல பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு அண்ணி அழாத நாள் இல்லை."

டீச்சருக்குப் பகீரென்றது. வீட்டிலும் ஊமையாகிவிட்டதா? இங்கே வந்த பிறகா? பாவி, என்ன செய்து தொலைத்தேன்?

"சத்தியமா ஒரு அடி அடிச்சதில்லைங்க" என்றார் அவசரமாக. "அதட்டினதுகூட இல்லை. ஆசை ஆசையாத்தான் எல்லாம் பழக்கினேன். வந்த புதுசுல ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா. ஈ ஓட்டுற மாதிரி கை ஆடிக்கிட்டே இருக்கும், பக்கத்துப் பிள்ளைங்க சிரிக்கும். பேசும்போது கையைக் கட்டணும்டா கண்ணுன்னு நானே பிடிச்சுப் பிடிச்சுக் கட்டிவிட்டேன். இப்போ பாருங்க, கை கட்டுறதுல இவளை அடிச்சுக்க ஆளில்லை."

சித்தப்பாவின் முகம் வெளிறிப்போனது.

"கையைக் கட்ட வச்சீங்களா?"

"எல்லாப் பிள்ளைகளையும்தான். ஏங்க?"

அவர் விறுவிறுவென்று வெளியே போனார். கேட்டுக்கு அந்தப் பக்கம் தயங்கி நின்றுகொண்டிருந்த அண்ணனையும் அண்ணியையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். டீச்சர் அவர்களைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

மகளைக் கண்டதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆசையாய் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவ்வளவுதான், சிட்டு பதறியடித்துக்கொண்டு ஓடினாள். அம்மாவின் கைகளை இழுத்து, அவள் மார்போடு சேர்த்துக் கட்டி, அவிழாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பயந்த கண்கள் டீச்சரையே பார்த்தன.

"என்ன பண்றா இவ?" டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சித்தப்பா சிட்டுவின் தலையைத் தடவினார். "எங்க அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிறவியிலேயே காது கேக்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. தெரிஞ்சா பிள்ளைக்கு இடம் தர மாட்டீங்களோன்னு நான்தான் மறைச்சுட்டேன். எங்க வீட்டுல பேச்செல்லாம் கையிலதான் டீச்சர். இங்க பேசினா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு, பாவம், அம்மா வாயைப் பொத்துறா."