பக்கத்து ஆள் பொத்தான்

"யாருக்கு என்னாச்சு? வெரசாச் சொல்லுங்கப்பா!"

ஜீப்பு முழுசாக நிற்பதற்குள் குதித்துவிட்டான் பிரதீப். போடிமெட்டு வளைவுகளில் சுற்றிய தலை இன்னும் நிற்கவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு மேலே இருந்த பளியர் பழங்குடிக் குடியிருப்பில் முத்துப்பிரியா, இனியவன் என்று நாலைந்து இளவட்டங்கள் மர நிழலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே. கட்டங்காப்பி போடவா?" என்றாள் முத்துப்பிரியா.

"காப்பியா? பொத்தான அழுத்திட்டுக் காப்பிங்கிறியே! உசுரு சம்பந்தப்பட்ட சோலிம்மா இது."

மலை இளைஞர்களின் மனக்கஷ்டத்துக்காகப் பிரதீப் உருவாக்கும் 'மனத்துணை' செயலியில் இருக்கிறது அந்தப் பொத்தான். மலைக்குக் கீழே சிலமலையில் பிறந்து, சென்னையில் படித்து, மனசைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. முதலில் 'நான் வருத்தமாக இருக்கிறேன்' என்றுதான் பொத்தான் வைத்தான். அதைக் கொண்டுவந்து காட்டியபோது இவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்க ஆளுக எவனும் தன் வருத்தத்தத் தானே சொல்ல மாட்டாண்ணே. பக்கத்துல இருக்கவன்தான் பாத்துச் சொல்லணும்" என்றான் இனியவன். பொத்தான் 'எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மனசு சரியில்லை' என்று மாறியது. அதைத் தன் யோசனை என்றே போகிற கூட்டத்திலெல்லாம் பேசிக் கைதட்டல் வாங்கினான் பிரதீப்.

அழுத்தினால் பெயர் தெரியாது. எந்த ஊர் என்று மட்டும் தெரியும், உடனே பேச ஓர் ஆள் போவார். ஆளை இன்னும் நியமிக்காததால் அந்த ஆளும் பிரதீப்தான்.

"இனியவா, ஒனக்கா? தூக்கம் வருதா?"

"ஏலக்கா எடுத்த அலுப்புல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறேன். நீங்க தூங்குனீங்களா? கண்ணு செவந்திருக்கே."

"என்னைய விடு. பசிக்குதா?"

"பசிக்குதே. நீங்க சாப்டீங்களா?"

"அது கெடக்கு கழுத."

யாரோ அவித்த கிழங்கை இலையில் வைத்து நீட்டினார்கள். பேச்சு மும்முரத்தில் அவ்வளவையும் அவனே தின்று தீர்த்தான். போன் அடித்தது. 'அம்மா' என்று பார்த்ததும் அணைத்தான்.

"அம்மாட்டப் பேசலாம்லண்ணே" என்றாள் முத்துப்பிரியா.

"பேசுனா அதையே பேசுவாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். இப்ப எல்லாரும் கண்ண மூடி மூச்ச இழுத்து விடுங்க."

இழுத்தார்கள், விட்டார்கள். இருமியது பிரதீப் மட்டும்தான். இனியவன் முதுகைத் தட்டிவிட்டு, அப்படியே அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். மற்றவர்களும் நகர்ந்து நகர்ந்து அவனைச் சுற்றி வந்துவிட்டார்கள். பரவாயில்லை, நம்மிடம் மனம் திறக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான் பிரதீப்.

ஆனால் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இதில் யாரோ ஒருவர் உள்ளுக்குள் நொந்து கிடக்கிறார். தெரியாமல் கீழே இறங்கிப் போய், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"இங்க பாருங்க" என்றான். "நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றவனத்தான் மொதல்ல கவனிக்கணும். பயிற்சியில எங்களுக்குச் சொல்லிக் குடுக்குறதே அதுதான்."

"அது எங்களுக்கும் தெரியும்ணே" என்றான் இனியவன்.

"பெறகென்ன? ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். யாருக்காக அழுத்துனீங்க, சொல்லித் தொலைங்கப்பா!"

முத்துப்பிரியா காப்பி டம்ளரை அவன் கையில் திணித்தாள்.

"போன தடவ, என் கல்யாணம் நின்னுபோச்சுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு, பாறைக்குப் பின்னால போயி அழுதீங்கள்ல, ஒங்களுக்காகத்தாண்ணே அழுத்துனோம். யாராச்சும் வெவரமான ஆளா அனுப்புவாங்கன்னு பாத்தா, ஒங்களையே அனுப்பிட்டாங்க!"