அட்டை இல்லாத பிரதி

ஓவியர் தனுஷ்கோடி எங்கள் காமிக்ஸ் அலுவலகத்துக்கு வந்து சண்டைபோட்டது எந்த மாதம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. விற்காத காமிக்ஸின் அட்டையை மட்டும் கிழித்துக் கடைக்காரர்கள் எங்களுக்குத் திருப்பி அனுப்பிப் பணம் பெறுவார்கள்; மீதியை அழித்துவிட வேண்டும். நான் எண்ணிக் கொடுத்த அட்டைகளை வைத்து, வாசகர்கள் நம் கைபேசிச் செயலிக்குப் போய்விட்டார்கள், இனி அச்சு வேண்டாம் என்று முதலாளி முடிவுசெய்தார். அட்டை கிழித்தபின் கடைக்காரர் சலூனுக்கு விற்றிருந்த பிரதியைத் தனுஷ்கோடி மேசையில் எறிந்தார். பக்கமெல்லாம் விரல் அழுக்கு.

“இத எத்தன பேரு படிச்சிருக்கான் பாருங்க. உங்க செல்லுல தெறந்தவன் ரெண்டாம் பக்கம் போனானா?”

“அட்ட இங்க வந்துருச்சுண்ணே. அப்ப அது விக்கல,” என்றேன்.

அச்சு நின்றது. மறுவருடம் செயலியும் நின்றது. முதலாளி இப்போது பிளக்ஸ் பேனர் அடிக்கிறார். தனுஷ்கோடி வரைவதில்லை. பிரதியைச் சலூன்காரர் வந்து கேட்டு வாங்கிப்போனார்.