சூடம் காட்டிய பிளாக்

2011 ஜனவரி 22, கோவை, பீளமேடு. மறுநாள் பந்தயத்தில் துரைராஜ் ஓட்டவேண்டிய பைக்கின் சிலிண்டர் பிளாக் அடுப்பில் காய்ந்தது; அதன் துளைக்குள் இறங்கவேண்டிய உலோகக் குழாயான புது ஸ்லீவ் ஐஸில் கிடந்தது. சூட்டில் துளை விரிந்திருக்கும் சில நொடிகளுக்குள் ஸ்லீவை இறக்கிவிட வேண்டும். அவன் பிளாக்கை வெளியே எடுத்ததும் பட்டறை முதலாளி மயில்சாமி தட்டோடு குறுக்கே வந்தார்.

"இருப்பா, சூடம் காட்டிக்கறேன்."

"ஆறிப்போயிருமுங்க."

"சாமி கும்புடாத ஓடுன வண்டி எது செயிச்சிருக்குது?"

ஒரு போல்ட்டைக்கூட முறுக்கியறியாத அந்தக் கை மூன்று முறை சுற்றியது. பட்டறைப் பையன் எடுத்த போட்டோ சரியாக விழவில்லை என்று நான்காம் முறையும் சுற்றியது. பிறகு இறக்கிய ஸ்லீவைப் பிளாக் பாதியிலேயே கவ்விக்கொண்டது.

"அடிச்சு எறக்கு."

"நீங்களே அடிங்க." துரைராஜ் சுத்தியலை நீட்டினான். மயில்சாமி அடித்தார்.

மறுநாள் பன்னிரண்டு வண்டிகள் பதிவாகியிருந்த பந்தயத்தில் பதினொன்று ஓடின.