குறி தவறாத ஹார்லன்

விஸ்கான்சின் மான் வேட்டைக்காரர்கள் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: ஹார்லன் குறி தவறவில்லை. தவறியது அவருடைய மலிவுவிலைத் துப்பாக்கி.

துப்பாக்கி மெக்கானிக் வென்டலிடமும் அவர் அதையேதான் சொன்னார். கூட வந்த டாரல் சுவரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மானுக்குத்தான் குறி வச்சேன். குண்டு நாலடி தள்ளிப் போயிருச்சு. குறி பாக்குற ஸ்கோப்போட திருகு லூசா இருக்கும், பாருய்யா."

"கெட்டியாத்தான் இருக்கு."

"அப்ப துப்பாக்கியோட பிளாஸ்டிக் கட்டை குழலை இடிக்குது!"

வென்டல் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுத்தார். தடங்கலில்லாமல் ஓடியது.

"தோட்டா மட்டமா இருக்கும்…"

அதே தோட்டாக்களில் மூன்றைக் கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்துவிட்டு வந்தார் வென்டல். குறி அட்டையில் விழுந்த மூன்று ஓட்டைகளையும் அவர் கட்டைவிரலே மறைத்தது.

"இந்த விலைக்கு இப்படியொரு துப்பாக்கிய நான் பாத்ததேயில்ல. வச்ச இடத்துல அடிக்குது."

ஹார்லன் துப்பாக்கியை மறுபடி அவர் பக்கம் தள்ளினார். "இன்னொரு தடவ பாரேன், வென்டல். உனக்குப் புண்ணியமாப் போகும்."

டாரல் காபியைக் கீழே வைத்தார். துப்பாக்கியை வாங்கிப் பையில் போட்டு சீல் வைத்தார். சட்டைப் பையிலிருந்த ஷெரீஃப் போலீஸ் பேட்ஜை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப நீ குறி வச்சது மானுக்கு இல்ல, ஹார்லன். கெளம்பு."

மானுக்கு நாலடி தள்ளி நின்றிருந்த ஹார்லனின் தம்பியை அன்று மதியம் அடக்கம் செய்தார்கள்.