எட்டாவது மாத்திரை

அம்மா ஏதோ திருட்டுத்தனம் செய்கிறாள் என்பது ஷாமினிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

அரிசித் தொட்டி மறைவில் குனிந்து நின்று, ஆஸ்பத்திரி மாத்திரை அட்டையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள் குமுதா. மகளைக் கண்டதும் அட்டையைக் காலி மைலோ டின்னுக்குள் போட்டு மூடினாள்.

"என்ன மா அது?"

"சத்து மாத்திரை லா. நீ போய் அப்பா வந்துட்டாரா பாரு."

ஷாமினி எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண். போய்ப் பார் என்றால் போகிற வயதைத் தாண்டியவள். அம்மா துணி காயப்போட வெளியே போனதும் டின்னைத் திறந்தாள். அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்த மருந்துப் பெயரைப் போனில் தட்டினாள்.

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை என்று வந்தது.

திரும்பவும் தட்டிப் பார்த்தாள், அதேதான் வந்தது.

வீட்டில் நோயாளி ஏற்கெனவே ஒருவர் உண்டு. அப்பா சிவநேசன். கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்பது வருடம். வயிற்றில் வைத்த குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் விட வேண்டும். நாளைக்கு நான்கு தடவை. காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியப் பிள்ளைகளை ஏற்றப் போவதற்குள் வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்வார். அதனால்தான் வேன் இன்னும் ஓடுகிறது.

வாசலில் அந்த வேன் வந்து நின்றது. அப்பா நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் மாற்றி முடியும்வரை கதவைத் திறக்கக்கூடாது, மின்விசிறி போடக்கூடாது, குழாய்க்குள் கிருமி போய்விடும்.

ஷாமினிக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. துணி காயப்போட்டுவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிய அம்மாவின் மூக்குக்கு நேரே அட்டையை நீட்டினாள்.

"எத்தனை நாளா உங்களுக்கு கேன்சர்?"

"மெதுவா பேசுடி. எனக்கு ஒண்ணும் இல்ல. அது அப்பாவோடது."

"அப்பாவுக்கு எதுக்கு மா இது? பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருந்துற மாதிரி சொல்லுங்க."

அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பாகச் சொல்லி முடித்தாள். அந்த மருந்துத் தண்ணீரில் சர்க்கரை உண்டு, ஒன்பது வருடமாக அதிலேயே ஊறி, வயிற்றுக்குள்ளே இருக்கிற சவ்வு தடித்துக்கொண்டு வருகிறதாம். ரொம்பத் தடித்தால் வடிகட்டாது. அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் சென்டரில் மெஷினோடு படுக்க வேண்டும், வேனை மறந்துவிட வேண்டும். இந்த ஹார்மோன் மாத்திரை சவ்வு தடிப்பதை மட்டுப்படுத்தலாம், உறுதி சொல்ல முடியாது, முயன்று பார்ப்போம் என்றாராம் டாக்டரம்மா. பெண்களுக்குக் கொடுப்பது என்று அவர் சொன்னதும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். கபடி ஆடின உடம்பு, இந்த மீசையை வைத்துக்கொண்டு நான் பொம்பளை மாத்திரை சாப்பிடவா என்று. மீசைக்கு ஒன்றும் ஆகாது அங்கிள் என்று டாக்டரம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லையாம்.

"அவரு வேனை எடுக்கப் போனாரு. நான் மருந்து கவுன்டருக்குப் போயிட்டேன்," என்றாள் அம்மா.

ஐந்து மாதமாக, மதியம் சாப்பாட்டோடு கொடுக்கும் ஏழு மாத்திரையில் எட்டாவதாக இதையும் கலந்துவிடுகிறாளாம்.

"போன வாரம் டெஸ்ட் பண்ணாங்க. அதுக்கு மேல தடிக்கலையாம். மீசையும் அப்படியேதான் இருக்கு."

ஷாமினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"இருந்தாலும் ஏமாத்துறது தப்பு மா. நான் சொல்லிடுவேன்."

"சொன்னா இன்னைக்கே நிறுத்திடுவாரு. வேன் நின்னா அந்த மனுஷன் நிப்பாரா?"

அறைக்கதவு திறந்தது. வடித்த பையை நிறுத்து, எடையைப் புத்தகத்தில் எழுதுவது ஷாமினி வேலை. தராசில் மாட்டினாள். இரண்டு கிலோ முந்நூறு. விட்டது இரண்டு, வந்தது முந்நூறு கூட. எழுதினாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா மாத்திரைகளை அப்பாவின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"ஏழுதானே குமுதா?"

"ஏழுதான்."

மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு விழுங்கினார்.

ஷாமினிக்குத் தாங்கவில்லை. கேட்டைத் திறந்துவிடும் சாக்கில் வேன் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக்கூடாது."

"வேணாம். சொல்லாத." அப்பா சாவியைத் திருகினார். "ஃபேன் போடாம உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சமையலறையில பேசுறது கேக்காதா?"

ஷாமினி சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்குக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்னு நினைக்காத. பதினாறு வருஷமா தினமும் பிள்ளைங்களைத் தலை எண்ணி ஏத்துறவன் நான். ஏழு எட்டானா முதல் நாளே தெரியாதா?" வேனைப் பின்னுக்கு எடுத்தபடி குரலைத் தாழ்த்தினார். "மைலோ டின்ல இருக்கிற அட்டை வெள்ளிக்கிழமையோட தீருது. அம்மாவை வாங்கி வைக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத, பாவம், என்னை ஏமாத்திட்டோம்னு நிம்மதியா இருக்கா."